ஒற்றைக்கண் கேப்டனும் என் மீசையும்

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், மன்னித்துக்கொள்ளுங்கள். எழுதப் படிக்கக் கற்றதே போன வருடம்தான்... தாளில் நானே மெதுவாக எழுதினேன். மருமகள் போட்டோ எடுத்துப் போடுகிறாள்.

மெட்டுகுடா சலூன் யூசுப் பாய் புதன்கிழமை காலையில் போய்விட்டார்.

தூக்கத்திலேயே. முகம் சிரித்த மாதிரிதான் இருந்தது. கடைசியாகக் கூட யாரையோ கேலி செய்துகொண்டுதான் போயிருக்கிறார். அநேகமாக என்னை.

பாய்க்குப் பூர்விகம் திருச்சிப் பக்கம், எங்களுக்கு வேலூர்; இரண்டு வீட்டாரும் இந்தத் தெலுங்கு ஊருக்குப் பிழைக்க வந்தவர்கள். நான் உப்பலில் ஃபேக்டரி வேலைக்குப் போகத் தொடங்கியபோது ஷேவிங்குக்காக அவர் கடையில் உட்கார்ந்தேன். அன்று ஆரம்பித்த சண்டை.

விஷயம் ஒரு சினிமா.

எங்கள் சின்ன வயதில் இங்கே ரயில்வே மைதானத்தில் இரண்டு கம்பம் நட்டு, நடுவில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவார்கள். ஒருநாள் ஒரு இங்கிலீஷ் படம் போட்டார்கள். கடற்கொள்ளைக்காரர் கதை.

பேர் தெரியாது. பேசியது ஒன்றும் புரியாது. ஆனால் கப்பல் ஞாபகம் இருந்தது. ஒரு கண்ணில் கறுப்புப் பட்டை கட்டிய கேப்டன் ஞாபகம் இருந்தான். கப்பல் சமையல்காரன் பாய்மரத்தில் ஏறி, கீழே வரும் சிப்பாய்கள் தலையில் மிளகுத் தூளைக் கொட்டுவான்... எல்லாரும் தும்மிக்கொண்டே வாள் சண்டை போடுவார்கள்!

யாரிடம் சொன்னாலும் அப்படி ஒரு படமே இல்லை என்றார்கள். "கனவு கண்டிருப்பீங்க" என்றாள் என் மனைவி.

யூசுப் பாய் ஒருவர்தான் என் கன்னத்திலிருந்து கத்தியை எடுத்துவிட்டு, "ஹவ்! மிளகுத் தூள்!" என்று கத்தினார். அவரும் அதே மைதானத்தில் அதே படத்தைப் பார்த்திருக்கிறார்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. உடனே அவர் கேட்டார்: "அந்த கேப்டனுக்கு இடது கண்ணுலதானே பட்டை?"

"இல்லை பாய், வலது கண்ணு."

"நக்கோ மணி, நக்கோ. இடது."

"வலது."

பாதி முகத்தில் சோப்பு நுரையோடு பந்தயம் கட்டினோம். தோற்றவன் மீசையை எடுக்க வேண்டும். "நீ தோத்தா என் கடையிலதான் எடுக்கணும். வேற எவன் கையும் படக்கூடாது" என்றார்.

மீசையை நான் கல்யாணத்துக்கு முன்னால் வைத்தது. சாதாரணப் பந்தயம் இல்லை.

அதற்கப்புறம் நான் நாற்காலியில் உட்கார்ந்தாலே, "மேஸ்திரி, எந்தக் கண்ணு?" என்பார். காத்திருக்கிற ஆட்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒருவரும் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை.

இந்த வருடம் பாய்க்கு உடம்பு முடியாமல் கடைக்கு வருவது நின்றுவிட்டது. மகன் சலீம் பார்த்துக்கொண்டான். பாய் போவதற்குள் அந்தப் படம் கிடைக்காதா என்று எனக்கு ஒரே தவிப்பு.

போன ஞாயிற்றுக்கிழமை பேத்தியிடம் கதையைச் சொன்னேன். நான் தமிழில் சொல்ல, அவள் தெலுங்கில் கேள்வி கேட்க, இங்கிலீஷில் போனில் எழுதினாள். கப்பல், சமையல்காரன், மிளகு...

"தாத்தா, இதேனா?" என்று போனை நீட்டினாள்.

அதேதான்! கப்பல்! நான் போட்ட சத்தத்தில் மருமகள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள்.

கேப்டன் வருவதற்குள் படத்தை நிறுத்தச் சொல்லி, போனை வாங்கிக்கொண்டு ஆட்டோ பிடித்து பாய் வீட்டுக்குப் போனேன். தனியாகப் பார்ப்பது நியாயம் இல்லை. பாயைத் தலையணை வைத்து உட்காரவைத்து, இருவரும் ஒரே போர்வைக்குள் பார்த்தோம்.

கேப்டன் வந்தான். பட்டை... இடது கண்ணில்.

"மூஞ்ச் நிகால்!" என்றார் பாய். மீசையை எடு என்று. குரல்தான் பழைய குரல் இல்லை, கொழுப்பு அதே கொழுப்பு.

எனக்கு நம்ப முடியவில்லை. "பாய், இது வேற படம். இதுல எல்லாரும் வலது கையில வாள் பிடிக்கிறானுங்க. என் படத்துல எல்லாரும் இடது கைக்காரங்க."

பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். "மணி... நீ எங்கே உட்கார்ந்து பார்த்தே?"

"ரயில்வே பாஸ் இல்லாதவங்களை முன்னாடி எங்கே விட்டாங்க? துணிக்குப் பின்னாலதான். சுவரோரமா."

பாய் சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வந்தது, நிறுத்தவில்லை. "அரே, பின்னாலேர்ந்து பார்த்தா எல்லாம் உல்டாடா! படத்தோட பேர் கூட உல்டாவா வந்திருக்குமே, பார்க்கலியா?"

"பார்த்தேன். எழுத்து எந்தப் பக்கம் திரும்பி நின்னா எனக்கென்ன பாய், அப்போ?"

அவர் சிரிப்பு ஒரு நிமிடம் நின்றது. என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்போ நீ சொன்னதும் நிஜம்தான்."

"அப்போ பந்தயம் கேன்சலா?"

"நக்கோ. வெள்ளிக்கிழமை கடைக்கு வந்துடு. நானே வந்து எடுக்கிறேன்."

புதன்கிழமை இப்படி ஆகிவிட்டது.

இன்று காலைதான் சலீம் கடையைத் திறந்தான். போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். "மீசையை எடுப்பா."

"சாச்சா, அத்தா விளையாட்டுக்குச் சொன்னாங்க..."

"உங்க அத்தா எல்லாத்திலயும் விளையாடுவார். இதுல மாட்டார்."

 சலீம் மேஜை டிராயரைத் திறந்து அவன் அத்தாவின் பழைய கத்தியை எடுத்தான்.

கண்ணாடியில் பார்த்தேன். வேறு யாரோ மாதிரி இருந்தது. மேல் உதட்டில் காற்று படுகிறது.

மிளகுத் தூள் சண்டையை இன்னும் முழுசாக எழுதவில்லை. இப்போது கை வலிக்கிறது. வரும் ஞாயிறு அதை உட்கார்ந்து எழுத வேண்டும்.

திரும்பி வரும்போது தெருமுனைக் காய்கறிக்கார அம்மா என் முகத்தைப் பார்த்துப் பதறிவிட்டாள். "ஐயோ, மீசை எடுத்திருக்கீங்களே... வீட்டுல யாருக்கு என்னாச்சு?"

"பந்தயத்துல தோத்துட்டேன்மா" என்றேன்.

போய் வாருங்கள், பாய். இடது கண்தான்.