இரண்டு தடவை அறுந்த கம்பி

தொண்ணூறுகளின் கடைசியில் கோவில்பட்டியில் சின்னதாக ஒரு டென்டல் லேப் வைத்திருந்தேன். பல்செட், கேப், பிள்ளைகளுக்கான கிளிப் எல்லாம் செய்வேன். டாக்டர் அளவெடுத்து அனுப்புவார். நான் அந்த அச்சில் பிளாஸ்டர் மாடல் ஊற்றி, அதன் மேல் வேலை பார்ப்பேன். மாடலைத் தவிர ஆளைப் பார்த்ததே கிடையாது.

ஒருநாள் பல் டாக்டரம்மா ஒருவர் தன் கிளினிக்குக்கு வரச்சொல்லி, அறுந்துபோன கிரிப் ஒன்றை மேஜையில் வைத்தார்.

"என்ன அண்ணாச்சி, இது ரெண்டாவது தடவை. உங்க சோல்டரிங் நிக்கவே மாட்டேங்குது. இனிமே மதுரைக்கே அனுப்பிரட்டுமா?"

என் வேலையில் பாதி அவர் தருவது.

கை சூப்பும் பிள்ளைகளுக்கு மேல் முன்பல்லுக்குப் பின்னால் வேலி மாதிரி வளைத்து வைக்கும் கம்பிதான் கிரிப். இரண்டு கடைவாய்ப் பல்லிலும் பேண்ட் என்கிற வளையம் போட்டு ஒட்டிவிடுவார்கள். விரல் அண்ணத்தில் படாது. சூப்புகிற சுகம் போனால் பழக்கமும் போகும். இது இடைசெவல் பக்கத்து வள்ளித்தாய்க்குச் செய்தது. எட்டு வயது. ஆடு மேய்க்கிற குடும்பம். கை சூப்பியே மேல்பல் முன்னால் தள்ளி, பல்லைக் கடித்தாலும் நடுவில் விரல் நுழைகிற இடைவெளி இருந்தது.

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சோல்டர் வைத்துப் பற்றவைத்த இடம் அப்படியே இருந்தது. கம்பியின் முனைதான் இரண்டு பக்கமும் நசுங்கியிருந்தது.

"டாக்டர், இது தானா அறுந்தது இல்ல. கட்டிங் பிளேயர் வச்சு வெட்டியிருக்கு."

டாக்டரம்மா வெளியே பெஞ்சில் இருந்த அப்பாவையும் பிள்ளையையும் உள்ளே கூப்பிட்டார். வெட்டிய முனை குத்தியதில் பிள்ளைக்கு அண்ணத்தில் புண். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"பிள்ளை வாய்க்குள்ள பிளேயரை விட்டீங்களா? கொஞ்சம் தவறியிருந்தா நாக்கு என்னாகிருக்கும்?"

அவளுடைய அப்பா கருப்பசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

"தப்புதாம்மா. ரெண்டு தடவையும் நாந்தான் வெட்டுனேன். வேற வழி தெரியல. லீவு நாள்ல இவதான் ஆடு பத்துதா. நாக்கைச் சுழட்டி 'டுர்ர்ர்'னு ஒரு சத்தம் குடுத்தா மொத்த ஆடும் திரும்பும். கம்பி மாட்டுனதுல இருந்து அந்தச் சத்தம் வரல. ஆடு பூரா அடுத்தவிய உளுந்துக் காட்டுல இறங்கிட்டு. அவிய வாசல்ல வந்து வஞ்சிட்டுப் போறாவ. இவ அழுது, 'எடுத்துருங்கய்யா'ங்கா."

நான் அங்கேயே 'டுர்ர்ர்' என்று சொல்லிப் பார்த்தேன். நாக்கின் நுனி போய்த் தட்டியது, கம்பி நிற்கிற அதே இடத்தில்! இரண்டு தடவை அந்த வாய்க்கு வேலை செய்திருக்கிறேன்; இது எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

"ஏட்டி, எப்ப கை சூப்புவ?" என்று அவளிடமே கேட்டேன்.

"தூங்கும்போது மட்டுந்தான். பகல்ல கையில கம்போ பென்சிலோ இருக்கும்லா."

டாக்டரம்மாவிடம் சொன்னேன்: "ஒட்டுறது வேண்டாம் டாக்டர். கழட்டி மாட்டுற பிளேட்டுல கம்பிய வச்சுச் செய்யுதேன். ராத்திரி மட்டும் போடட்டும்."

"ரெண்டே நாள்ல தொலைச்சிருவா அண்ணாச்சி."

"தொலைக்க மாட்டேன்," என்றாள் வள்ளித்தாய். "ஆடு திரும்புனா போடுதேன்."

புண் ஆறியதும் பிளேட் செய்தேன். இந்தத் தடவை மாட்டுகிறபோது நானும் கூடவே நின்றேன். எப்படிப் போடுவது, எப்படி எடுப்பது என்று டாக்டரம்மா காட்டிக்கொடுத்தார். அவள் பிளேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு 'டுர்ர்ர்' என்று ஒரு சத்தம் கொடுத்தாள். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

முதல் சில வாரம் தூக்கத்தில் துப்பிவிட்டாள். காலையில் பாயில் கிடக்குமாம். பல்லைப் பிடிக்கிற கிளாஸ்ப் கம்பியை இறுக்கிக் கொடுத்தேன். பிறகு கழலவில்லை. சில மாதத்தில் பழக்கம் நின்றது. இடைவெளி மெதுவாகத்தான் குறைந்தது. அடுத்த வருஷம் கருப்பசாமி லேப்புக்கே வந்து, "அண்ணாச்சி, பனங்கிழங்க முன்பல்லாலயே கடிச்சு இழுக்கா" என்றார்.

அளவோடு டாக்டர்கள் நிரப்பி அனுப்பும் என் லேப் சீட்டில் அதுவரை பெயர், வயசு, என்ன செய்யவேண்டும், இவ்வளவுதான் இருக்கும். அதற்குக் கீழே நான் ஒரு வரி அச்சடித்துச் சேர்த்தேன்: 'பிள்ளை பகலில் என்ன செய்யும்?' மற்ற டாக்டர்கள் இது எதற்கு என்று கேட்டார்கள். டாக்டரம்மா மட்டும் கேட்கவில்லை. ஒரு சீட்டில்கூட அந்த வரியை அவர் நிரப்பாமல் விட்டதில்லை.