நாலு பேர் உழைக்கும் வீடு

மாத்தளையில் எங்கள் பள்ளிக்கூடத்தில் மேல் வகுப்புக்கு விஞ்ஞானம் கிடையாது. கண்டிக்குப் போய் விடுதியில் தங்கித்தான் படிக்க வேண்டும். படிப்பு இலவசம், விடுதிக்குக் காசு. அந்த வருஷம் கண்டிப் பள்ளிக்கூடம் ஒன்று எங்கள் ஊரில் வசதியில்லாத வீட்டுப் பிள்ளை ஒருத்திக்கு விடுதியையும் இலவசமாகத் தருவதாக அறிவித்தது. விண்ணப்பித்தவர்கள் இரண்டே பேர்: நானும், என் வகுப்பில் படித்த தேயிலைத் தோட்டத்துப் பிள்ளையும். கணக்கில் அவள் எப்போதும் எனக்கு மேலே.

அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து கடைவீதியில் மிளகும் கராம்பும் வாங்கி விற்றார்கள். விடுதிக் காசு கட்ட முடியாத வீடல்ல. ஆனால் எனக்குக் கீழே இரண்டு தம்பிகள்.

"பொம்பளப் புள்ளைக்குக் கட்டிட்டு நாளைக்கு இவனுங்களுக்கு என்ன செய்றது? சும்மா கெடைச்சாப் போகட்டும். இல்லாட்டி இங்கயே ஆர்ட்ஸ் படிக்கட்டும்" என்றார் அப்பா.

கடை பெரியப்பாவின் பெயரில் இருந்தது. தன்னிடம் சம்பளத்துக்கு நிற்பவர் என்று தம்பியைப் பற்றி அவர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். புறப்படும்போது அம்மா என் தங்கத் தோட்டைக் கழற்றி, காதில் ஈர்க்குச்சி செருகினார். ஏனென்று நான் கேட்கவில்லை. தலையைச் சாய்த்துக் கொடுத்தேன்.

கண்டிப் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை, அப்பாமாரோடு வந்த எங்கள் நால்வரையும் ஒரே அறையில் உட்கார வைத்தார்.

"அண்ணன் கடையில நிக்கிறேங்கம்மா. அவரு குடுக்கிறத வச்சுத்தான் சாப்பாடு" என்றார் அப்பா. வியாபாரிகளை அதட்டுகிற அவருக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே எனக்குத் தெரியாது.

அவளுடைய அப்பா வேட்டிக்கு மேல் கோட்டுப் போட்டு வந்திருந்தார். எழுந்து நின்று, தோட்டத்து ஆபீஸ் கடிதத்தை இரு கையாலும் நீட்டினார். "நானு, சம்சாரம், ரெண்டு பயலுக. நாலு பேரும் தோட்டத்துல வேலைக்குப் பேர் பதியிறோங்க. ஒரு நாள்கூட வேலைக்குப் போகாம நிக்கிறதில்லைங்க."

உழைக்கிற குடும்பம் என்றால் உதவி கிடைக்கும் என்று நினைத்திருப்பார் போல. கடிதத்தில் நாலு சம்பளமும் சதம் வரை எழுதியிருந்தது. தலைமை ஆசிரியை அவற்றைக் கூட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் கடை வருமானம் எந்தத் தாளிலும் இல்லை.

வெளியே வந்ததும் அவளுடைய அப்பா என்னிடம், "ஒனக்கே கெடைக்கட்டும் தாயி. அப்பா ஒத்த ஆளா ஒழைக்கிறாரு. நாங்க நாலு பேரு இருக்கமே" என்றார். மனசாரத்தான் சொன்னார். அப்பா ரோட்டைப் பார்த்தபடி நின்றார்.

திரும்பும் பஸ்ஸில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, கொண்டுவந்த ரொட்டியில் பாதியைப் பிய்த்துத் தந்தாள். சாப்பிட்டேன்.

இடம் எனக்குக் கிடைத்தது. அவள் ஆர்ட்ஸ் வகுப்பில் சேர்ந்தாள். பெரிய அண்ணன் கல்யாணமாகித் தனியே போனதும் வீட்டில் ஒரு சம்பளம் குறைந்தது. இரண்டாம் தவணையோடு நின்று அவளும் தோட்டத்தில் பேர் பதிந்தாள். விடுமுறைக்கு வந்தபோது எங்கள் டீச்சர் சொன்னார். அவளைப் போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அதே வருஷம் அப்பாவும் பெரியப்பாவும் ஒரு பழைய லொறி வாங்கினார்கள்.

விடுதியில் தலைமை ஆசிரியை ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "வீட்ல இன்னும் கஷ்டந்தானா?" என்று கேட்டார்.

"கஷ்டந்தாங்க மிஸ்" என்றேன்.

படிப்பை முடித்துப் போன யாரோ ஒரு பிள்ளையின் சப்பாத்தை எடுத்துத் தந்தார். புதிது மாதிரியே இருந்தது. வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. இரண்டு வருஷமும் அதைப் போட்டுக்கொண்டுதான் வகுப்புக்குப் போனேன்.