குடை எந்தக் கையில்?

என் வீட்டுக்காரருக்கு இப்போது அச்சகத்தில் வேலை. பற்பசைப் பெட்டிக்கும் பிஸ்கட் உறைக்கும் படம் வரைகிறார். ஒரு காலத்தில் வீடியோ கேம் செய்தவர் என்றால் அங்கே ஒருத்தரும் நம்பமாட்டார்கள்.

அதெல்லாம் ஒரு காலம்! மாடியில் ஒற்றை அறை. இருந்த ஒரே மின்விசிறியும் கம்ப்யூட்டர் சூடாகிவிடக் கூடாதென்று அதைப் பார்த்தபடியே சுற்றும். இவரும் இவருடைய கூட்டாளி ஒல்லியும் வியர்வையில் ஊறிக்கொண்டு வேலை பார்ப்பார்கள். படம் இவர் வரைய, அதை நடக்க வைப்பது ஒல்லி. மழையில் தெருத்தெருவாக அலையும் குடைக்காரர்தான் அவர்கள் கேமின் நாயகன். அந்த அறையை நினைத்தால் எனக்கு இன்றும் ஏக்கமாக இருக்கிறது.

குடைக்காரர் என்னைப் போலவே இடது கைக்காரர். ஆனால் வலப்பக்கம் நடக்கும் படத்தையே ஒல்லி கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிப் போட்டு இடப்பக்கமும் நடக்கவிட்டார். ஆள் திரும்பினால் குடை கை மாறிவிடும்.

"ரெண்டு பக்கமும் தனித்தனியா வரைஞ்சு தரேன்டா" என்றார் இவர்.

"மெஷின் தாங்காதுடா. எவன் பாக்கப் போறான்?"

"நான் பாப்பேன்!"

அவ்வளவுதான். வாய்ச்சண்டை முற்றியது, கேமும் விலைபோகவில்லை, பேச்சு அடியோடு நின்றது. ஒரு குடைக்காக இரண்டு தடிமாடுகள் இத்தனை வருஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தார்கள்!

போன வாரம் ஒல்லி எனக்குப் போன் செய்தார்.

"தங்கச்சி, என் புது கேம்ல நம்ம குடைக்காரர் ஒரு காட்சிக்கு வந்துட்டுப் போறார். அனுப்பியிருக்கேன், அவனப் பாக்கச் சொல்லுங்க. வேணாம்னான்னா தூக்கிடறேன்."

சொன்னதும் இவர் முகம் உர்ரென்று ஆனது. வாரம் முழுக்க மூச்சு விடவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்க வீம்புக்கு அந்தக் குடைக்காரரையும் சேர்த்துப் பலி குடுக்காதீங்க!" என்று கம்ப்யூட்டர் முன்னால் பிடித்து உட்கார வைத்தேன்.

திரையில் ஒரு சந்தை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு குடைக்காரர் வந்தார். வலப்பக்கம் நடந்தார், இடது கையில் குடை. திரும்பி நடந்தார். அப்போதும் குடை இடது கையிலேயே இருந்தது.

இவர் அதையே மறுபடி மறுபடி ஓடவிட்டுப் பார்த்தார். பிறகு என் போனைப் பிடுங்கி ஒல்லியைக் கூப்பிட்டார்.

"டேய், குடை ஏன்டா கை மாறல?"

"நீதானடா மாறக் கூடாதுன்னு குதிச்ச?"

"அது அப்போடா. கை மாத்தினாதான் அவரு நம்மாளு." இவர் குரல் உடைந்தது. "நாளைக்கு வரேன், சேர்ந்து சரி பண்ணலாம். ஃபேன கம்ப்யூட்டர் பக்கம் திருப்பி வை."