பெட்டி ஆறும் நேரம்

சூடேறிய மரத்தின் மணமும், அதன்மேல் படிந்து கருகும் தூசியின் மணமும் கலந்த ஒரு வாடை ஞாயிற்றுக்கிழமை நண்பகல்களில் எங்கள் முன்னறையை நிறைத்திருக்கும். தில்லியில் கோல் மார்க்கெட்டை ஒட்டிய அரசுக் குடியிருப்பில், இரண்டே அறைகள் கொண்ட எங்கள் "குவார்ட்டர்ஸில்", மடக்குக் கதவுகள் பொருத்திய மரப்பேழைக்குள் வீற்றிருந்த கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டியின் மூச்சு அது. அமைச்சகம் ஒன்றில் பிரிவு அலுவலராக இருந்த என் தந்தையார், காலை நிகழ்ச்சிகள் தொடங்கியது முதலே அவ்வப்போது எழுந்து சென்று அதன் உச்சியில் வலக்கையை விரித்து வைத்துப் பார்ப்பார். காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியைத் தொடுவது போன்ற கவலை அந்தத் தொடுதலில் இருக்கும். பெட்டி அளவுக்கு மீறிச் சூடேறினால் படம் மேலும் கீழுமாக உருண்டு, பின் ஒரேயடியாக இருண்டுவிடும் என்பது அவர் நம்பிக்கை. இரண்டொரு முறை அவ்வாறு நிகழ்ந்தும் இருந்தது.

அக்காலத்தில் எங்களுக்கு வாய்த்தது ஒரே ஓர் அலைவரிசை. எதைப் பார்ப்பது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லாதவர்க்கு விருப்பம் என்பதே காத்திருத்தலின் மறுபெயராகிவிடும். ஞாயிறு பிற்பகல் ஒன்றரை மணிக்கு மாநில மொழிப் படம் ஒன்று வரும். மொழிகள் ஆங்கில அகரவரிசைப்படி முறை வைத்து வருமாதலால், அசாமியத்தில் தொடங்கி வங்காளமும் குசராத்தியும் கன்னடமும் ஒவ்வொன்றாகக் கடந்த பின்னரே, வரிசையின் வால்புறத்தில் நின்ற தமிழுக்கு வாய்ப்புக் கிட்டும். வாரம் முழுவதும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் கோப்பெழுதிக் களைத்த என் தந்தையார், நெல்லைச் சீமையில் தாம் விட்டு வந்த பேச்சு அந்தப் பெட்டியிலிருந்து ஒலிக்கும் ஒரு பிற்பகலுக்காக மாதக் கணக்கில் தவமிருப்பார். "தாய்ப் பேச்சக் காதால கேக்காத வீடு, விளக்கேத்தாத வீடு பாத்துக்க" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வாசகம்.

அந்த வீட்டில்தான் என் அக்கா வடிவும் இருந்தாள். என்னினும் ஆறாண்டு மூத்தவள். மூன்று வயதில் வந்த கடுங்காய்ச்சல் அவள் செவிப்புலனை முற்றிலும் கொண்டுபோய்விட்டது. அவள் சில ஆண்டுகள் பயின்ற பள்ளியில், கைகளை அசைக்காமல் எதிரே இருப்பவரின் உதட்டைப் பார்த்தே பேச்சை உணர வேண்டும் என்று பழக்கினார்கள்; கை பேசத் தொடங்கிவிட்டால் வாய் ஒருநாளும் திறவாது என்பது அக்காலத்து ஆசிரியர் பலருடைய துணிபு. தந்தையார் அதை வேதமாகக் கொண்டார். தம் மகள் என்றேனும் ஒருநாள் "அப்பா" என்று வாய் திறந்து அழைப்பாள் என்ற ஏக்கம் அவரிடம் இறுதிவரை இருந்தது. எனவே அவர் வீட்டில் இருக்கும் பொழுதெல்லாம் அக்கா தன் கைகளைத் தொடைகளுக்கு அடியில் வைத்து அமர்ந்திருப்பாள். அது தண்டனையன்று, எங்கள் வீட்டில் அது ஒரு பழக்கம், செருப்பை வாசலில் விடுவதைப் போல.

ஆனால் ஞாயிறுதோறும், மாநில மொழிப் படத்துக்கு முன்னர், ஒன்றேகால் மணிக்குச் செவிப்புலன் குன்றியோர்க்கான செய்தி வரும். ஏனையோர்க்கு அது எழுந்து கைகால் கழுவவும் பாய் விரிக்கவுமான இடைவேளை. தந்தையாரும் உணவு முடித்து உள்ளறையில் கண்ணயரும் நேரம். அப்பொழுதுதான் அக்கா தொடைகளுக்கு அடியிலிருந்து கைகளை எடுப்பாள். திரையில் சேலையணிந்த பெண்ணொருத்தி விரல்களாலும் விழிகளாலும் உலகச் செய்திகளைச் சொல்ல, அக்கா முதலில் நடனம் பயில்பவளைப் போல அவற்றைப் பின்பற்றினாள். பின்னர்ப் படங்களோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றாகப் பொருள் கண்டாள். நீர், நெருப்பு, மழை, போர், குழந்தை. கண்டவற்றை மொட்டைமாடியில் வடகம் காயவைக்கும் சாக்கில் எனக்குக் கற்பித்தாள். திரையில் கிடைக்காதவற்றை நாங்களே ஆக்கிக்கொண்டோம். எங்கள் தந்தையைக் குறிக்க, காண இயலாத ஒரு பெட்டியின்மேல் வைப்பதுபோல உள்ளங்கையை விரித்துத் தாழ்த்துவாள் அக்கா. முதன்முறை அதைக் கண்டு நான் வயிறு நோகச் சிரித்தேன், அவளும் சிரித்தாள். செய்தி முடிவில் அப்பெண் கைகூப்பும்போது, அக்காவும் திரைக்கு நேரே நிமிர்ந்து கைகூப்புவாள். தன்னிடம் ஒருவர் பேச வந்து விடைபெறுகிறார் என்பதுபோல.

தமிழின் முறை வந்த ஒரு ஞாயிறு அது. மதியத்துக்கு முன்பே குடியிருப்பின் தமிழ்க் குடும்பங்கள் பாயும் முறுக்குமாக வந்து முன்னறையை நிறைத்துவிட்டன. "ஜல்தி வாடா, தமிழ் பிக்சர்!" என்று சிறுவர்கள் படிக்கட்டில் கூவிக்கொண்டிருந்தார்கள். முந்தைய வாரம்தான் பெட்டி நடுப்படத்தில் இருண்டிருந்தது. தந்தையார் அன்று உறங்கவில்லை. கையை வைத்துப் பார்ப்பதும் எடுப்பதுமாக நின்றிருந்தார்.

"என்ன சார், தொட்டுத் தொட்டுப் பாக்கறேள்? இது டிவியா, தோசைக்கல்லா?" என்றார் எதிர் வரிசையில் குடியிருந்த தஞ்சாவூர்க்காரர் ஒருவர். அறையே சிரித்தது.

"இப்ப ஆறப் போட்டாத்தான் சார் படம் முழுசாப் பாக்க முடியும். கால் மணி நேரம் ஆறட்டும்" என்று சொல்லித் தந்தையார் பெட்டியை அணைத்தார். மணி ஒன்றேகால்.

அக்கா எழுந்து சென்று அதை மீண்டும் இயக்கினாள். அவர் அணைத்தார். அவள் இயக்கினாள்.

"ஏட்டி, பெட்டி ஆறட்டும்னு சொல்லுதேன்லா?" என்று உதட்டை அகல விரித்து அவர் சொன்னார். அக்கா உதட்டைப் பார்க்கவில்லை. அத்தனை பேர் முன்னிலையில், தந்தையின் கண்ணெதிரே, இரண்டு கைகளையும் உயர்த்திப் பேசினாள். கொஞ்ச நேரம்தான் என்றாள். இது என்னுடையது என்றாள். மற்ற நேரமெல்லாம் உங்களுடையது என்றாள். நெஞ்சில் கை வைத்து, திரையைக் காட்டி, மீண்டும் நெஞ்சில் கை வைத்தாள்.

"அட, பொண்ணு டான்ஸெல்லாம் ஆடுது" என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெண்குரல் எழுந்தது. மறுபடியும் சிரிப்பு.

"அப்பா, அவளுக்கு அந்தச் செய்தி பாக்கணுமாம்" என்றேன் நான்.

"எனக்கு வெளங்காமலா இருக்கு? அது வாராவாரம் வருது, அடுத்த ஞாயித்துக்கெழம பாத்துக்கிடட்டும். தமிழு இனி எப்ப வருமோ!" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. பின்னர் அவர் அக்காவின் இரு மணிக்கட்டுகளையும் பற்றினார். அடிக்கவில்லை, இறுக்கவும் இல்லை. விழப்போகும் பாத்திரத்தைப் பிடிப்பதுபோல மெல்லப் பிடித்து, கீழே இறக்கினார். பேசுகிற ஒருவரின் வாயைப் பொத்துவது அது என்று அந்த அறையில் எவர்க்கும் தோன்றவில்லை.

பெட்டி நன்றாக ஆறியது. படம் ஒருமுறைகூட உருளவில்லை. தமிழ் கேட்டுத் தந்தையார் மேல்துண்டால் கண்களைத் துடைத்துக்கொண்டார். அக்கா அடுக்களையில் வந்தவர்களுக்கெல்லாம் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குப் பின் அவள் வீட்டில் கைகளால் பேசவில்லை. மொட்டைமாடியில் என்னோடும் பேசவில்லை. ஞாயிறு ஒன்றேகாலுக்கு அவளே சென்று பெட்டியை அணைத்துவிடுவாள். ஓராண்டுக்குள், தென்காசிக்கு அருகே மாவு மில் வைத்திருந்த உறவினர் ஒருவருக்கு அவளை மணமுடித்தார்கள். "மில்லுச் சத்தம் பொண்ணுக்கு ஒரு தொந்தரவும் செய்யாது, பாத்துக்கிடுங்க" என்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் பகடி பேசியதும் நினைவிருக்கிறது. தந்தையாரோ உண்மையான நிறைவோடு சொன்னார்: "தில்லில அவளுக்கு யாரு இருக்கா? ஊருக்குப் போனா நாலு பேரு நம்ம பேச்சுல பேசுவாவ." அவ்வீட்டில் தொலைக்காட்சி இல்லை. பிற்காலத்தில் வந்தபோது, அது எந்நேரமும் தொடர்களுக்கு உரியதாயிருந்தது. நான் போகும்போதெல்லாம் அக்கா என்னைக் கட்டிக்கொள்வாள்; மாவு படிந்த கைகளை முந்தானையில் துடைத்துக்கொள்வாள். அவ்வளவே.

சென்ற மழைக்காலத்தில் நெல்லை மருத்துவமனையொன்றில் அவளைக் கண்டேன். தந்தையார் மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன. அக்காவின் கைகள் இரண்டையும் கட்டிலின் கம்பிகளோடு துணிப்பட்டையால் பிணைத்திருந்தார்கள்.

"டியூபப் பிடுங்கிருதாங்கம்மா. அதான் கட்டிருக்கோம். தப்பா நெனைக்காதிய" என்றாள் செவிலி.

"அவ கையாலதாம்மா பேசுவா. நான் பக்கத்துலயே இருக்கேன், கொஞ்சம் அவுத்து விடும்மா."

"அப்படியா? யாருமே சொல்லலியேம்மா!" என்று அந்த இளம்பெண் பதறிக் கட்டுகளை அவிழ்த்தாள்.

நான் பழைய குறிகளால் கேட்டேன்: நீர் வேண்டுமா? வலிக்கிறதா? அக்கா என் கைகளை நெடுநேரம் பார்த்தாள். பிறகு அவள் வலக்கை மெல்ல எழுந்தது. உள்ளங்கை விரிந்து, காண இயலாத ஒரு பெட்டியின்மேல் தாழ்ந்தது. அவள் விழிகள் கதவுப் பக்கம் சென்று திரும்பின. அப்பா இருக்கிறாரா என்று கேட்கிறாள். இல்லை, அவர் போய்விட்டார், இங்கே பார்க்க ஒருவரும் இல்லை என்று கைகளால் சொன்னேன். அவள் என் கைகளைப் பார்க்கவில்லை. பள்ளியில் பழக்கியபடி என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தபடியே தன் இரு கைகளையும் தொடைகளுக்கு அடியில் ஒளித்துக்கொண்டாள். மறுநாள் அவள் இறந்தபோதும் அவற்றை நாங்கள்தாம் வெளியே எடுக்க வேண்டியிருந்தது.

இன்று தில்லியின் துவாரகைப் பகுதியில் என் அறைச் சுவரில் தொங்கும் தொலைக்காட்சியில் தமிழ் அலைவரிசைகளுக்குக் குறைவில்லை. என் தந்தையார் தவமிருந்த மொழி இரவும் பகலும் ஓய்வின்றி ஒலிக்கிறது. இந்தியில் பேசிச் சிரிக்கும் என் மக்களும் பெயரர்களும் அவ்வறைக்குள் வருவதில்லை. கோல் மார்க்கெட்டின் அந்தக் குடியிருப்பை இடித்துவிட்டார்கள். சுவரில் தொங்குவது ஏடுபோல் மெலிந்து, தொட்டால் குளிர்ந்திருக்கிறது. கை வைத்துப் பார்க்க அதற்கு ஓர் உச்சி இல்லை. உள்ளங்கையை விரித்துத் தாழ்த்தினால் அது அப்பாவைக் குறிக்கும் என்று அறிந்தவர்கள் இவ்வுலகில் இருவர் இருந்தோம். இனி நான் அதைச் செய்து காட்டினால், ஒரு முதியவள் எதையோ தடவித் தேடுகிறாள் என்றுதான் காண்பவர்க்குத் தோன்றும்.