மாமியாரின் இருக்கை

அந்த ஆண்டு சர்பத்துக்குப் பூப்பறிக்கும் போட்ஸா மரம் பூத்தபோது, ரெபேகா ஒரே ஜாடிப் பூவுக்கு மூன்று முறை சர்க்கரை போட்டாள். சர்பத் பாகாகிக் கரண்டியைப் பிடித்துக்கொண்டது. கணவர் டேனெஷ் அதை அவளுக்குத் தெரியாமல் கொல்லையில் கொட்டிவிட்டு, ஜாடியைக் கழுவிப் பழைய இடத்திலேயே வைத்தார். மறுநாள் அவள் கூடையை எடுத்துக்கொண்டு மீண்டும் பூப்பறிக்கக் கிளம்பினாள்.

மரம் அறுக்கும் ஆலையில் மின்பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஒரு கட்டடம் இருளானால் எந்தக் கம்பியில் இன்னும் உயிர் இருக்கிறது என்று முதலில் பார்ப்பதுதான் அவர் பழகிய முறை. மனைவியிடமும் இரண்டு ஆண்டுகளாக அதையே செய்துவந்தார். மறதியில் சமையல் போய்விட்டது. மகன் பெயர் சில நாள் வரும், சில நாள் வராது. அவரையே ஒருமுறை, "தபால் கொண்டாந்தீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். ஆனால் கோவிலுக்குள் மட்டும் அவள் கால்களுக்கு வழி தெரிந்திருந்தது.

நியாராத் ஆற்றங்கரைச் சபைகளில் ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் மறுபக்கமும் அமர்வார்கள். மணமாகாத பெண்களுக்குச் சுவரோரம் தனி வாங்குப் பலகை. மணமான பெண் அதை விட்டெழுந்து கணவன் வீட்டு வாங்குக்கு வந்துவிட வேண்டும். மாமியார் காலமானபின் அந்த இடம் அவளுடையது. இரண்டாம் வரிசையில் தூணை ஒட்டியிருந்தது டேனெஷுடைய தாயின் இடம். ஞாயிறுதோறும் ரெபேகா யாரும் சொல்லாமலே நேராகப் போய் அங்கே அமர்ந்தாள். மூப்பர்களின் வாங்கிலிருந்து டேனெஷ் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவள் அந்த இடத்தில் அமரும்வரை அவள் தம் மனைவிதான். மற்றவை போனால் போகட்டும். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

பக்கத்து இடத்து ஷாரா இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனைக்குப் போனதும் சிக்கல் வந்தது. ரெபேகாவின் ஞானப்பாட்டுப் புத்தகத்தில் பக்கம் எடுத்துக் கொடுத்தவள், எழ வேண்டிய நேரத்தில் முழங்கையைத் தொட்டவள் அவள்தான். பெந்தெகொஸ்தே திருநாளுக்கு முந்திய சனிக்கிழமை, புல் அறுத்துக்கொண்டிருந்த மூப்பர் லாஸார் வேலிக்கு அப்பாலிருந்து பேச்சைத் தொடங்கினார்.

"நாளைக்குத் திருவிருந்து. ரெபேகாவக் கூட்டிட்டு வரப்போறியா?"

"ஏன், அவ சபையில இல்லையா?"

"கோவிச்சுக்காத. போன ஞாயித்துக்கிழம போதகர் ஜெபம் பண்ணும்போது எழுந்து போய் ஜன்னலச் சாத்தினாளே."

"காத்து அடிச்சது, சாத்தினா. உனக்குந்தான் ஜலதோஷம்."

லாஸார் அரிவாளைத் தீட்டியபடி சிரித்தார். "அப்ப ஒண்ணு செய். நீயும் பொம்பளைங்க பக்கம் போய் உக்காந்துக்க. முக்காடு வேணும்னா எங்க வீட்டுக்காரிகிட்ட ஒண்ணு வாங்கித் தரேன். நீலப் பூப் போட்டது."

"உனக்குக் கட்டிவிட்டு அழகு பாக்கச் சொல்லு" என்றார் டேனெஷ். ஆனால் கேலியாக வந்த அந்தச் சொல் இரவு முழுவதும் அவரோடு இருந்தது. பாதிப் பாட்டில் அவள் எழுந்துவிட்டால் கைபிடித்து உட்கார வைக்க ஆள் வேண்டும். விடிவதற்குள் அவர் முடிவு செய்துவிட்டார். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும்.

காலையில் அவளுக்குக் கறுப்பு உடுப்பின் பொத்தான்களைப் போட்டுவிட்டார். வேலியோரத்துச் செம்மலர் ஒன்றைப் புத்தகத்தோடு சேர்த்துக் கையில் கொடுத்தார். கோவில் வாசலில் சற்றுப் பின்தங்கினார். அவள் உள்ளே போனாள். எவர் முகத்தையும் பாராமல் இரண்டாம் வரிசைக்குத் திரும்பினாள். தூணருகே அமர்ந்து பாவாடை மடிப்பைச் சரிசெய்தாள். டேனெஷுக்கு மூச்சு சீராயிற்று. அப்படியே தம் வாங்குக்குப் போயிருக்கலாம். ஆனால் முடிவு செய்ததைச் செய்து முடிக்கும் பழக்கம் அவருக்கு. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, பெண்களின் முழங்கால்களைத் தாண்டி, ஷாராவின் காலியிடத்தில் போய் அமர்ந்தார்.

ரெபேகா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகம் சிவந்தது.

"பெரியவரே, இடம் மாறி உக்காந்துட்டீங்க" என்றாள் தாழ்ந்த குரலில். "ஆம்பளைங்க அந்தப் பக்கம்."

"நான்தான் ரெபி. டேனெஷ்."

"எங்கப்பா அங்கருந்து பாத்துக்கிட்டிருக்காரு. உங்கள ஒண்ணும் சொல்லமாட்டாரு, என்னத்தான் திட்டுவாரு."

அவர் கையைப் பிடிப்பதற்குள் எழுந்துவிட்டாள். சுவரோர வாங்குக்குப் போனாள். அந்த வசந்தத்தில்தான் திடப்படுத்தல் பெற்றுச் சபை உறுப்பினரான இரண்டு பெண்கள் அங்கே இருந்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, நகர்ந்து இடம் விட்டார்கள். எழுபத்தொரு வயது ரெபேகா அவர்களுக்கு நடுவே முதுகை நிமிர்த்தி அமர்ந்து, பின்னலைத் தேடுவதுபோல் தோளைத் தடவினாள்.

பாட்டு தொடங்கியது. டேனெஷ் எழுந்து போகவும் முடியாமல், தம் தாயின் இடத்துக்குப் பக்கத்தில், பெண்கள் நடுவே தனியாக இருந்தார். பின் வரிசை எடெல்கா குனிந்து, "அவ அங்க நல்லாத்தான் இருக்கா மாமா, விடுங்க" என்றாள். நல்லாத்தான் இருந்தாள். அதுதான் அவரால் பார்க்க முடியாததாக இருந்தது.

முதலில் ஆண்கள் வயது வரிசையில் மேசைக்குப் போனார்கள். டேனெஷ் அப்பமும் திராட்சரசமும் பெற்றுக்கொண்டு மூப்பர்களின் வாங்குக்குத் திரும்பினார். லாஸார் நகர்ந்து இடம் கொடுத்தார். பிறகு மூத்த பெண்கள். ரெபேகாவின் முறை வந்தது, போயிற்று, அவள் அசையவில்லை. தாய்மார்கள் போனார்கள், இளம் மனைவிகள் போனார்கள். எல்லாரும் முடிந்தபின், கன்னிப்பெண்களின் முறையில், அவள் எழுந்தாள். மேசையருகே நின்று, தன் திடப்படுத்தல் நாளில் பெற்ற வசனத்தை ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். அது நடந்தது பதினான்கு வயதில். டேனெஷ் அவளைச் சந்தித்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து. கம்பியில் உயிர் இருந்தது. அது அவர் வீட்டுக்கு வரும் கம்பி அல்ல.

வெளியே அவள் அவரோடு வர மறுக்கவில்லை. முதியவர் தனியாகப் போக வேண்டாமே என்று நினைத்திருக்கலாம். வழியில், "மெதுவா வாங்க, கல் தடுக்கும்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். வீட்டு வாசற்கதவை அவர் திறந்ததும் நின்றுவிட்டாள்.

"உள்ள வா. சூப் ஆறிடும்."

"நான் வரக்கூடாது. அம்மா கேட்டா என்ன சொல்றது?"

"இது உன் வீடு, ரெபி."

"கேலி பண்ணாதீங்க. நீங்க யாரோ என்னவோ, எனக்குத் தெரியாது. அந்நிய ஆம்பள வீட்டுக்குள்ள வந்தேன்னு ஊர் பேசும்."

திருமணப் படத்தை எடுத்துவந்து காட்டலாமா என்று நினைத்தார். சென்ற மாதம் காட்டியபோது, "பொண்ணு அழகா இருக்கா" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்திருந்தாள். வெயில் ஏறியது. கறுப்பு உடுப்பில் அவள் நெற்றி வியர்த்தது. கையிலிருந்த செம்மலர் தலை சாய்ந்திருந்தது. டேனெஷ் மூப்பராக இருந்த இருபது ஆண்டுகளில் பொய் சொன்னதில்லை என்று ஊரில் பெயர். நாற்பது ஆண்டுகளாகக் கல்லறையில் கிடக்கும் அவள் தாயிடம் அவர் மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டார்.

"உங்கம்மாதான் சொல்லி அனுப்பிச்சாங்க" என்றார். "சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போறேன்னாங்க. அதுவரைக்கும் இங்க சாப்பிட்டு இருக்கச் சொன்னாங்க."

"அம்மாவா சொன்னாங்க?"

"ஆமா."

"அப்ப சரி" என்று அவள் காலணிகளை வாசலில் கழற்றி ஓரமாக வைத்தாள், பிறர் வீட்டில் வைப்பதுபோல். உள்ளே போய், சொல்லும்வரை உட்காராமல் நின்றாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். சூப்பைச் சுடவைத்து, நூடுல்ஸ் போட்டு, முதல் தட்டை விருந்தாளிக்கு வைத்தார். மாலையில் என்ன சொல்வது என்பதை யோசிக்கத் தொடங்கினார்.