ஒல்லாந்த அன்ரியும் என் பத்தாம் நம்பர் சப்பாத்தும்

எழுபதுகளின் நடுப்பகுதியில், படிக்கப் போன வெளிநாட்டில், பரமட்டா என்ற ஊரில் ஓர் ஒல்லாந்தப் பெண்மணியின் வீட்டில் அறை எடுத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்புத் துவைக்கிற வேலை அவருக்கு. நான் அன்ரி என்றுதான் கூப்பிடுவேன். யாழ்ப்பாணத்துக் கோட்டையைக் கட்டியது அவருடைய ஆட்கள் என்று முதல்நாளே வரலாறு படிப்பித்தேன். பாவம், கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜேர்மன்காரர் அவருடைய நாட்டைப் பிடித்திருந்தபோது, தேடப்பட்டவர்களைத் தன் வீட்டில் ஒளித்து வைத்தவராம். ஒருநாள் தேநீர் குடிக்கும்போது சொன்னார். நான் விடுவேனா? நானாக இருந்தால் இன்னின்னது செய்திருப்பேன் என்று அரைமணி நேரம் வீரம் பேசினேன். அப்போது என் மாணவர் விசா முடிந்து ஐந்து மாதம். தபால்காரரைக் கண்டாலே அறைக்குள் ஓடிவிடுவேன். பிடிபட்டால் அடுத்த விமானத்தில் ஊர்தான். அங்கே என்னையே நம்பி அப்பாவும் இரண்டு தங்கைகளும் இருந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் குடிவரவு அதிகாரிகள் இருவர் கதவைத் தட்டினார்கள். ஜன்னலால் பார்த்த அன்ரி என் பிடரியைப் பிடித்துத் தன் அலுமாரிக்குள் தள்ளிச் சாத்தினார். பூச்சி உருண்டை மணத்தில், அவருடைய குளிர்கோட்டைக் கட்டிப்பிடித்தபடி, நல்லூர் முருகனுக்கு நூறு தேங்காய் நேர்ந்தேன்.

வெளியே அன்ரியின் குரல் கேட்டது. அங்கே எல்லோரும் பேசிய ஆங்கிலம் எனக்கு இப்போது எங்கள் ஊர்ப் பேச்சாகத்தான் நினைவில் நிற்கிறது.

"அந்தப் பெடியன் போன மாதமே போயிட்டான்."

"அப்ப இது ஆரின்ர சப்பாத்து?"

என் உயிர் போய் வந்தது. வீட்டுக்குள் சப்பாத்தோடு நுழையாத நல்ல பிள்ளையல்லவா நான்? வாசற்படியில் சோடி சேர்த்து அழகாகக் கழற்றி வைத்திருந்தேன். பத்தாம் நம்பர். தேங்காயை ஆயிரமாக்கினேன்.

"என்ர தான். நாள் முழுக்க நிண்டு துவைச்சுக் கால் வீங்கிப்போச்சு. வேற ஒண்டும் கொள்ளாது. வேணுமெண்டா உள்ள வந்து பாருங்கோ."

அவர் அந்தச் சப்பாத்துக்குள் காலை நுழைத்து, டப் டப்பென்று நடந்து, அவர்களை வாசல் படலை வரை கொண்டுபோய் விட்டார்.

அலுமாரியிலிருந்து இறங்கி, நெஞ்சை நிமிர்த்தி, நன்றியுரை ஒன்று தொடங்கினேன். அன்ரி கதிரையில் இருந்தார். சப்பாத்தைக் கழற்றாமல், திரும்பி வருகிறார்களா என்று படலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குப் பயமே இல்லை எண்டெல்லோ நினைச்சனான்?"

"விசர்க் கதை. அண்டைக்கும் பயம்தான், இண்டைக்கும் பயம்தான்." சப்பாத்தைக் கழற்றிச் சோடி சேர்த்து வைத்தார். "ஜேர்மன்காரன் வந்த அண்டைக்கு, வீட்டில நானும் அம்மாவும் மட்டும் எண்டு சொன்னனான். மேசையில மூண்டு கோப்பை இருந்தது. வந்தவன் எண்ணிப்போட்டான். ஒளிச்சு வைச்சிருந்த பிள்ளைக்குப் பத்தொன்பது வயது. கொண்டுபோனவங்கள், பிறகு வரேல்லை. என்னையும் மூண்டு மாதம் அடைச்சு வைச்சவங்கள்."

அரைமணி நேரம் வீரம் பேசிய என் வாயை நினைக்க எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

"அதோட ஆக்களை ஒளிச்சு வைக்கிறதை விட்டிட்டியளோ?" என்று கேட்டேன்.

"எப்பிடி விடுறது? நான் வெளியில வந்த அடுத்த கிழமையே இன்னொரு பிள்ளை வந்து கதவைத் தட்டினது."