விரல் இருந்த இடத்தில் ஒரு வார்த்தை

விளம்பரம் படிக்கப் போனால் முதலில் சொல்லித் தருவது வார்த்தைகளைக் குறைக்கத்தான். போஸ்டரில் ஏழு வார்த்தை இருந்தால் ஐந்தாக்கு, ஐந்து இருந்தால் மூன்றாக்கு என்பார்கள். வடக்குப்பட்டிலிருந்து இரண்டு பஸ் மாறித் தாம்பரம் தாண்டிப் போய் நான் படித்தது பெரும்பாலும் இதைத்தான். வழி நெடுக மின்கம்பங்களில் 'ஆட்கள் தேவை' ஒட்டியிருக்கும். எழுத்து சரியில்லை, இடைவெளி சரியில்லை என்று ஒவ்வொன்றுக்கும் மனதுக்குள் மார்க் போட்டுக்கொண்டே போவேன். அப்படியொரு தலைக்கனம். என் அக்கா வேலைக்குப் போனதே அப்படி ஒரு நோட்டீஸைப் பார்த்துத்தான் என்பது அப்போதெல்லாம் ஞாபகத்துக்கே வராது.

காருக்குத் தகடு அடித்துத் தரும் ஒரு கம்பெனியில் அக்கா பிரஸ் மெஷின் ஓட்டினாள். அந்த மெஷினில் இரண்டு பட்டன் இருக்கும். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் மேல்பாகம் இறங்கும். கை உள்ளே மாட்டக் கூடாது என்பதற்குத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் அப்படி ஓட்டினால் டார்கெட் வராது. அதனால் சூப்பர்வைசரே ஒரு பட்டனை அழுத்தி டேப் போட்டு ஒட்டிவிடுவார். வலது கை பட்டனில், இடது கை தகட்டில். ஒரு நாள் முதல் ஷிப்டில் அக்காவின் இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது.

ஆஸ்பத்திரிக்குக் கம்பெனியிலிருந்து ஒருவர் காகிதத்தோடு வந்தார். 'எனது கவனக்குறைவால் நடந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் வேலை அப்படியே இருக்கும் என்றார். அக்கா அதை இரண்டு முறை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். பட்டனை ஒட்டியது நானில்லை என்று மட்டும் சொன்னாள். கை ஆறி வேலைக்குப் போனபோது கேட்டிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்திருந்தால் என்ன குறைந்துவிடும் என்று அம்மா பல மாதம் புலம்பினார். அக்கா அசையவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியாமல் நடந்ததல்ல. நான் அந்த வீட்டில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசி வருடம் ஒரு ப்ராஜெக்ட் வந்தது. தொழிற்சாலைப் பாதுகாப்புப் போஸ்டர். சில கம்பெனிகள் சேர்ந்து தேர்ந்தெடுக்கும், முதல் பரிசு வாங்குவதை அச்சடித்து எல்லா இடத்திலும் மாட்டும். அக்காவின் கையைப் படம் எடுக்கலாமா என்று கேட்டேன். தயங்குவாள் என்று நினைத்தேன். அவளோ சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து, ஜன்னல் பக்கத்துச் சுவரில் உள்ளங்கையை விரித்து வைத்தாள்.

"நடந்தத அப்டியே போடுவியாடா?" என்று கேட்டாள்.

போடுவேன் என்றேன்.

போட்டேன். படத்துக்குக் கீழே 'பட்டன் இரண்டு. வேலை செய்தது ஒன்று' என்று எழுதினேன். கம்பெனிகள் சார்பில் பார்வையிட வந்த அதிகாரி நன்றாக இருக்கிறது என்றார். ஆனால் இதை எந்தக் கம்பெனிக்குள்ளும் மாட்ட முடியாது, மெஷினைப் பற்றிப் பேசாதீர்கள், தொழிலாளியிடம் பேசுங்கள் என்றார். மாற்றிக் கொண்டுவர இரண்டு நாள் கொடுத்தார்கள்.

அன்று சாயங்காலம் படப்பை நெரிசலில் பஸ் நின்றுகொண்டிருந்தபோது அந்த யோசனை வந்தது. கீழே எதுவும் எழுத வேண்டாம். விரல்கள் இல்லாத அந்த இடத்தில், விரல் உயரத்துக்கு, 'கவனக்குறைவு' என்ற ஒரே வார்த்தையைச் செங்குத்தாக நிறுத்தினால் போதும். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று அப்போது நான் யோசிக்கவே இல்லை. பல மாதமாக எங்கள் வீட்டில் கிடந்த வார்த்தை, கேட்டவுடன் கைக்கு வந்துவிட்டது. எழுத்துகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி விடலாம் என்பதற்கு மட்டும் ஒரு ராத்திரி முழுக்கச் செலவழித்தேன்.

முதல் பரிசு எனக்குத்தான். அம்மா கேசரி கிண்டினார். அக்கா போஸ்டரைக் காட்டச் சொன்னாள். அச்சில் இருக்கிறது என்றேன். போனிலேயே இருந்தது. அப்படியானால் என்ன செய்திருக்கிறேன் என்று எனக்குள் எங்கேயோ தெரிந்திருக்கிறது. அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

இரண்டு மாதம் கழித்து ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்குப் பேக்கிங் வேலை கேட்டு அக்கா இன்டர்வியூ போனாள். காத்திருக்கச் சொன்ன அறையின் சுவரில் அவள் கை ஆளுயரத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. கேள்வி கேட்ட அம்மாள் படத்தைப் பார்த்திருக்கிறார், இவள் கையைப் பார்த்திருக்கிறார். இங்கேயாவது கவனமாக இருப்பாயா என்று கேட்டிருக்கிறார். அக்கா எழுந்து வந்துவிட்டாள்.

தோளில் பையைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் வந்து நின்றாள்.

"ஆஸ்பத்திரில அத்தினி பேரு கேட்டும் அந்த வார்த்தய நான் எழுதிக் குடுக்கல. நீ எழுதிக் குட்த்துட்ட. அதுவும் என் கையிலயே."

கம்பெனிக்காரர்கள் சொன்னதைத்தான் செய்தேன், படிப்பு விஷயம், எனக்கு வேறு வழியில்லை என்று என்னென்னவோ உளறினேன். அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். சாப்பிட என்ன இருக்கிறது என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு என் படிப்பைப் பற்றி அவள் எதுவும் விசாரித்ததில்லை. அந்தப் போஸ்டரை, வேலை கேட்கும்போது காட்ட வைத்திருக்கும் என் ஃபைலிலிருந்து எடுத்துவிடுகிறேன் என்று ஒருநாள் நானாகவே போய்ச் சொன்னேன். சரி என்றாள்.

படிப்பு முடிந்து ஒரு விளம்பர அலுவலகத்துக்கு வேலை கேட்டுப் போனேன். எதிரில் இருந்தவர் என் ஃபைலை வேக வேகமாகப் புரட்டிக்கொண்டு வந்தார். அக்காவின் கை இருந்த பக்கத்தில் அவர் கை நின்றது. செங்குத்தாக நின்ற எழுத்துகளைத் தொட்டுக் காட்டினார்.

"இந்த வார்த்தை யாரோடது?" என்று கேட்டார்.

"என்னோடதுதான் சார்" என்றேன்.